சாவில் தொடங்கும் கதை

கடிதம்:

வணக்கம். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். எங்கள் குலசாமி மதுரை வீரன். தெருக்கோடியில் சின்னதாக ஒரு கோயிலும் இருக்கிறது. அண்மையில் ஒரு திரைக்கதை வகுப்பில், உலகத்துப் புராண நாயகர்கள் எல்லோருக்கும் பயணம் ஒன்றுதான் என்று அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் சொன்னதைப் பாடமாக நடத்தினார்கள். அழைப்பு வரும், வீட்டை விட்டுக் கிளம்புவான், சோதனைகளைக் கடப்பான், வரத்தோடு திரும்புவான். மதுரை வீரனை அதில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் திரும்பவே இல்லை. மாறுகால் மாறுகை வாங்கி, அதாவது ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். 'அப்படியென்றால் அது முழுமையடையாத கதை' என்றார் வகுப்பெடுத்தவர். அப்படித்தானா? கோயில் பூசாரிக்கு வயதாகிவிட்டது. அவரிடம் கதையைக் கேட்டுப் பதிவு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

க., பெங்களூரு

பதில்:

அன்புள்ள க.,

உங்கள் குலசாமியின் கதையில் ஒரு குறையும் இல்லை. அதை அளக்கக் கொடுத்த கோல்தான் போதாது.

கேம்பல் 1949-இல் எழுதுவதற்கு முன்பே இந்தத் தேடல் தொடங்கிவிட்டது. 1909-இல் ஆட்டோ ராங்க் என்ற உளவியலாளர் நாயகர்களின் பிறப்புக் கதைகளை வரிசைப்படுத்தினார். ஆற்றில் விடப்பட்ட அக்காத் மன்னன் சார்கோன், விவிலியத்து மோசே ஆகியோருக்குப் பக்கத்தில் நம் கர்ணனும் அதில் உண்டு. 1936-இல் ராக்லன் பிரபு 22 அம்சங்கள் கொண்ட பட்டியல் போட்டு கிரேக்கத்து ஈடிபஸ், தீசியஸ், பிரிட்டனின் ஆர்தர் என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் கொடுத்தார். இவர்கள் கண்ட ஒற்றுமைகள் நிஜமானவை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் கையில் எடுத்தவை பெரும்பாலும் ஏட்டில் ஏறி, ஊர் ஊராகப் போய் வந்த கதைகள். கதையை இன்றைக்கு யார் பாடுகிறார்கள், யார் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது இவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

அதைக் கவனித்தவர் நாட்டுப்புறவியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டைக் கூடவே இருந்து கேட்டவர். நம் நாட்டு வாய்மொழி வீரகாவியங்கள் பலவற்றை ஒப்பிட்டு அவர் சொன்னது, நான் இந்தத் துறையில் படித்தவற்றில் மிக முக்கியமானது என்பேன். கதை பிறப்பில் தொடங்குவதில்லை, சாவில் தொடங்குகிறது. ஒருவன் அகாலமாக, அநியாயமாக வெட்டுப்பட்டுச் சாகிறான். செத்த இடத்தில் ஒரு கல்லோ பீடமோ வருகிறது. பயந்தோ நன்றியிலோ ஊர் படையல் போடுகிறது. படையலோடு பாட்டும் சேர்கிறது. வில்லுப்பாட்டில் வெட்டுப்படும் கட்டம் வரும்போதுதானே சாமி இறங்குகிறது? அதுவரை கதை, அதற்குப் பிறகு அது வழிபாடு. இந்தக் கதை தன் ஊரைத் தாண்டி, அந்தச் சாவோடு எந்த உறவும் இல்லாத ஆட்களிடம் போகும்போதுதான் அதற்குத் தெய்வீகப் பிறப்பு தேவைப்படுகிறது. இன்னும் தூரம் போனால் பெரிய கடவுளின் அவதாரமாகிவிடுகிறான். பசுக்களைக் காத்துச் செத்த ராஜஸ்தானத்துப் பாபுஜி, லட்சுமணனின் அவதாரமாக ஆனது அப்படித்தான்.

இப்போது உங்கள் வீரனைப் பாருங்கள். காசி ராஜாவுக்குப் பிள்ளையாகப் பிறக்கிறான். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்படுகிறான். அருந்ததியர் வீட்டில் வளர்கிறான். ராங்கின் வரிசைக்கு அப்படியே பொருந்தும். ஆனால் நாட்டுப்புறவியல் அறிஞர் நா. வானமாமலை போன்றவர்கள் இந்தக் காசிப் பிறப்பைப் பின்னால் ஒட்டியது என்றே பார்த்தார்கள். பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன் அருந்ததியனாக இருந்தால் சிலருக்குத் தாங்காது. அவனை ராஜா மகனாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பிராமணனான பட்டன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டான் என்பதைப் பொறுக்க முடியாமல், அந்தப் பெண்களே பிராமணக் குழந்தைகளாகப் பிறந்தவர்கள் என்று மாற்றிப் பாடிய வடிவமும் இருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். செத்தவனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் இது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்பை மாற்றியவர்கள்கூட மாறுகால் மாறுகை வாங்கியதை விட்டுவிடவில்லை. அதை எடுத்துவிட்டால் கும்பிடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இது நமக்கு மட்டும் உரியதும் இல்லை. கிரேக்கர்கள் தங்கள் வீரர்களைக் கல்லறையில் வைத்துத்தான் கும்பிட்டார்கள். சுமார் கி.மு. 475-இல் கிமோன் என்ற தளபதி, தீசியஸின் எலும்புகள் இவைதான் என்று ஸ்கைரோஸ் தீவிலிருந்து எடுத்துவந்தபோது ஏதென்ஸ் அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. ராக்லனிடம் நிறைய மதிப்பெண் வாங்கிய அதே தீசியஸ்தான்!

நம் பெங்களூருக்கு வருவோம். 2018-இல் ஹெப்பாளில் கால்வாய் வேலைக்குத் தோண்டியபோது கிட்டய்யா என்ற வீரனின் நடுகல் வெளியே வந்தது. காலம் சுமார் 750. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட நாளில் சண்டையில் விழுந்தவன் அவன். கோரமங்களாவில் லட்சுமம்மாவின் சமாதி இருக்கிறது. கெம்பே கவுடாவின் மருமகள். கோட்டை வாசல் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால், கர்ப்பிணியான அவள் தன்னையே பலி கொடுத்தாள் என்பது கதை. ஏரியில் தண்ணீர் ஊற மாமனார் பலி கொடுத்த பாகீரதியைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு நாட்டுப்பாடல் உண்டு. செர்பியப் பாடலில் ஸ்கதார் கோட்டை, ருமேனியாவில் ஆர்ஜெஷ் மடாலயம், கிரீஸில் ஆர்தா பாலம், எல்லாவற்றிலும் ஒரு வீட்டுப் பெண் உயிரோடு வைத்துக் கட்டப்படுகிறாள். செர்பியப் பாடலிலும் ருமேனியப் பாடலிலும் அவள் கட்டுகிற ஆண்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள். அவளுக்கு அழைப்பும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. உங்கள் வகுப்பில் இவளை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, பூசாரி. 'கதை சொல்லுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள், சினிமாவில் பார்த்ததைச் சொல்லிவிடுவார். என்ன படையல், எது ஆகாது, வீரனின் மனைவியர் பொம்மியும் வெள்ளையம்மாளும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எந்த வரியில் சாமி வரும் என்று கேளுங்கள். இங்கே கோயில் எழுப்ப ஊரிலிருந்து பிடிமண் (பழைய கோயிலின் ஒரு பிடி மண்) கொண்டுவந்தது யார் என்றும் கேளுங்கள், உங்கள் தாத்தாக்களின் மில் காலத்துக் கதை அதில்தான் இருக்கும். நடுவில் தெலுங்கோ கன்னடமோ வந்தால் திருத்தாமல் அப்படியே பதிவு செய்யுங்கள். ஒரு முறை சொன்னதோடு விட வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை, கோயிலில் உடுக்கைச் சத்தத்தோடு ஒரு தடவை கேளுங்கள், இரண்டும் வேறாகத்தான் இருக்கும். பிறப்பை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், யாரிடம் கேட்டது என்று மட்டும் விசாரியுங்கள். ஆடி மாதம் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள்.