அமெரிக்காவில் எங்கள் ஊரில் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழர்களின் கதைகளைப் பதிவு செய்ய மானியம் கிடைக்குமா? சங்கம் சார்பில் எங்கே கேட்பது?

கிடைக்கும். முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் உங்கள் மாநிலத்தின் ஹியூமானிட்டீஸ் கவுன்சில், அதாவது வரலாறு, மொழி, இலக்கியம் சார்ந்த வேலைகளுக்குச் சிறு மானியம் தரும் அமைப்பு. இப்படி ஒன்று இருப்பதே நம் சங்கத்து ஆட்கள் பலருக்குத் தெரியாது. எங்கள் மாநிலக் கவுன்சிலுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் கொஞ்ச காலம் தன்னார்வலராக இருந்தேன். அந்த மேசையிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1965 செப்டம்பர் 29 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது நேஷனல் எண்டோமென்ட் ஃபார் தி ஹியூமானிட்டீஸ், சுருக்கமாக என்.இ.ஹெச். வரலாறு, மொழி, இலக்கியம், தத்துவம், தொல்லியல் போன்ற துறைகளுக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பு அது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, அதே ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறந்த நாட்டை வைத்து ஆள் எடுத்த பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பத்தோடு வந்து இறங்க வழி திறந்த குடியேற்றச் சட்டம். நீங்கள் பதிவு செய்ய நினைக்கும் கதைக்கும், அதற்காகக் கேட்கப்போகும் காசுக்கும் பிறந்தநாள் ஒரே வாரத்தில்தான்.

என்.இ.ஹெச். பணத்தில் ஒரு பங்கு மாநிலக் கவுன்சில்களுக்குப் போகிறது. 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற 5 ஆட்சிப்பகுதிகள் என்று மொத்தம் 56 கவுன்சில்கள். இவை அரசு அலுவலகங்கள் இல்லை, லாப நோக்கற்ற அமைப்புகள். வந்த பணத்தைச் சிறு மானியங்களாகப் பிரித்து உள்ளூர் நூலகம், மியூசியம், சங்கம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும். சில ஆயிரம் டாலர் என்று எதிர்பாருங்கள், அதற்கு மேல் கனவு வேண்டாம்.

பொங்கல் விழா, அரங்கேற்றம், கச்சேரிக்கெல்லாம் இங்கே கேட்காதீர்கள். அதற்கு மாநில ஆர்ட்ஸ் கவுன்சில் தனியாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு முதல் நடனப் பள்ளி எப்படி வந்தது, யார் வீட்டு நிலவறையில் வகுப்பு நடந்தது என்று தேடிப் பதிவு செய்தால் அது ஹியூமானிட்டீஸ் கணக்கு. கோயிலும் அப்படித்தான். வழிபாட்டுக்குக் காசு கிடையாது, கோயில் எழும்பிய வரலாற்றை ஆராய்வதற்குக் கேட்கலாம்.

ஆனால் நம்மவர்களின் விண்ணப்பம் அடிபடுவது வேறு இடத்தில். முதல் பத்தியிலேயே கல் தோன்றி மண் தோன்றாக் காலம் வந்துவிடும். அப்புறம் சங்க இலக்கியம், செம்மொழி, கீழடி. படிக்கிற குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கவுன்டி நூலகர், பக்கத்துக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் மாதிரியானவர்கள். அவர்கள் அந்தத் தாளில் தேடுவது தங்கள் ஊரை. 1970களில் உள்ளூர் டாக்டர் யாரும் வரத் தயங்கிய ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து ஒருவர் வந்து, முப்பது வருஷம் பிரசவம் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எத்தனையோ பேர் அவர் கையில் பிறந்திருப்பார்கள். தமிழின் தொன்மை பற்றி ஒரு வார்த்தை இல்லாமலே அந்த விண்ணப்பம் மேலே போகும், ஏனென்றால் அது அந்த ஊரின் வரலாறு. அவரோடு வேலை பார்த்த நர்ஸையும் பேட்டி எடுங்கள், அவரிடம் வைத்தியம் பார்த்த விவசாயக் குடும்பத்தையும் எடுங்கள். தமிழர்களை மட்டும் பேச வைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இன்னொன்று. நம் பேட்டித் திட்டங்களில் பேசுகிறவர்கள் முக்கால்வாசி முன்னாள் சங்கத் தலைவர்கள், அதாவது ஆண்கள். கணவரின் விசாவோடு வந்து, வேலைக்கு அனுமதி இல்லாமல், சாப்பாட்டு மேசையில் தமிழ் வகுப்பு நடத்திய பெண்களிடம் இருக்கும் விஷயம் அந்தத் தலைவர்களிடம் இருக்காது.

சரி, காசுக்கு வருவோம். பல கவுன்சில்கள் கேட்கிற தொகைக்கு ஈடாக உங்கள் பங்கையும் காட்டச் சொல்லும். பயப்பட வேண்டாம், உழைப்பும் பங்குதான். தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு நாடு முழுக்கப் பரவலாகப் பயன்படுத்தும் மதிப்பு இப்போது 30 டாலருக்கு மேல். ஒரு பேட்டியை எடுத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை எழுத்தில் கொண்டுவந்து, சரிபார்க்கப் 12 மணி நேரம் என்று வைத்தால், 10 பேட்டிக்கு 120 மணி நேரம். அதுவே 3,600 டாலர் ஆகிவிட்டது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதும் கணக்கு தணிக்கையில் நிற்காது.

சங்கத்துக்கு 501சி3 பதிவு (வரிவிலக்கு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்ற மத்திய அரசு அங்கீகாரம்) இல்லையென்றால் உள்ளூர் நூலகத்தை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துக்கொள்ளப் பாருங்கள். பதிவு இருந்தாலும் நூலகத்தைச் சேர்ப்பது நல்லது. குழு தவறாமல் கேட்கும் கேள்வி, பதிவான பேட்டிகள் கடைசியில் எங்கே இருக்கும் என்பது. 'யூடியூபில் போடுவோம்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு, பக்கத்துப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் என்று ஒரு நிரந்தர இடம் வேண்டும். பழைய போட்டோ, கடிதங்களுக்கு 2008இல் தொடங்கிய சாடா என்ற தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலைக் குடும்பத்திடமே திருப்பித் தந்துவிடுவார்கள். பேசியவரின் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இல்லாத பதிவை எந்தக் காப்பகமும் தொடத் தயங்கும், அதைப் பேட்டி அன்றே வாங்கிவிடுங்கள்.

இப்போதைய நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் என்.இ.ஹெச். கவுன்சில்களுக்கான நிதியை ஒரே கடிதத்தில் நிறுத்தியது. அதே மாதக் கடைசியில் மெலன் என்ற தனியார் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது, கவுன்சிலுக்குத் தலா 2 லட்சம் டாலர் வீதம். நிதி நிறுத்தத்தை எதிர்த்துக் கவுன்சில்களின் கூட்டமைப்பும் ஓரிகன் கவுன்சிலும் நீதிமன்றம் போயின. ஆகவே பழைய அறிவிப்பை நம்பி எழுத உட்காராமல், உங்கள் கவுன்சிலின் மானிய அலுவலருக்கு ஒரு போன் போட்டு இந்தச் சுற்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். வரைவை அனுப்பினால் படித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

மினசோட்டாவில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்கே 2008இல் மக்களே வாக்களித்து விற்பனை வரியை 0.375 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள், 2034 வரை. அதில் 19.75 சதவீதம் கலைக்கும் பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கும். அந்த நிதியிலிருந்து மாநில வரலாற்றுச் சங்கம் 10,000 டாலர் வரை சிறு மானியம் தருகிறது, வாஷிங்டனில் யார் ஆண்டாலும்.