தோட்டத்தில் மற்றவர்களும் இருப்பார்கள்

அன்புள்ள ஐயா,

பிப்ரவரி நடுவில் அலுவல் நிமித்தம் தில்லி செல்கிறேன். வேலை முடிந்தபின் இரண்டு நாட்கள் கையில் இருக்கின்றன. கோட்டைகளையும் கடைவீதிகளையும் முன்பே பார்த்துவிட்டேன் என்பதால் இம்முறை தோட்டங்களுக்கு மட்டும் போக எண்ணம். சென்ற முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை லோதி தோட்டத்துக்குப் போய், கூட்டத்தைக் கண்டு அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டேன். புல்வெளி முழுக்கக் குடும்பங்கள், சாப்பாட்டுப் பாத்திரங்கள், பந்தடிக்கும் பிள்ளைகள், மூலைக்கு மூலை காதலர்கள். இத்தகைய இடங்களுக்கு நல்ல கட்டணம் வைத்தால்தான் என்ன என்று தோன்றியது. வரலாறும் அமைதியும் சேர்ந்த, கூட்டமில்லாத தோட்டங்களைச் சொல்வீர்களா? குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பார்க்கத் தக்கதா? நகருக்குள்ளேயே இருக்கும் குன்றுக் காடான ரிட்ஜ் எப்படி?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ரிட்ஜ் காட்டில் பெரும்பகுதி நம் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த சீமைக்கருவேலம்தான். அதைப் பார்க்கத் தில்லி வரை போக வேண்டியதில்லை. மாளிகைத் தோட்டம் இப்போது அம்ரித் உத்யான் என்று பெயர் மாறியிருக்கிறது. நீங்கள் போகும் பருவத்தில் திறந்திருக்கும், பூக்களும் அழகாகவே இருக்கும். ஆனால் பதிவு செய்து, வகுத்த வழியில் வரிசையாக நடந்து வெளியேற வேண்டிய இடம் அது. நீங்கள் தேடுவது அதுவல்ல.

உங்களுக்குப் பதில் எழுத வைத்தது கட்டணம் பற்றிய அந்த ஒற்றை வரி. தில்லித் தோட்டங்களின் அமைதி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிக் கொஞ்ச நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அரைமணி நேரத்தில் கைவிட்டு வந்த லோதி தோட்டம் ஒரு காலத்தில் ஊராக இருந்தது. கைர்பூர் என்று பெயர். 1444ஐச் சேர்ந்த சுல்தான் முகம்மது ஷாவின் எண்கோணக் கல்லறையையும், படா கும்பத் என்ற பெரிய குவிமாடக் கட்டடத்தையும், சுல்தான் சிக்கந்தர் லோதியின் கல்லறையையும் சுற்றி மக்கள் வீடு கட்டிப் பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தி, தரையைச் சமன் செய்து, புல் பதித்து, 1936இல் வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்து வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதி தோட்டம் ஆயிற்று. 1968இல் வடிவமைப்பாளர்கள் ஜோசப் ஸ்டைனும் காரெட் எக்போவும் அதை மறுபடி வடிவமைத்தார்கள். கூட்டமில்லாத தோட்டம் வேண்டும் என்பவர்களுக்காக அந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை காலி செய்யப்பட்டிருக்கிறது. இன்று காசில்லாமல் உள்ளே வர முடிகிறது என்பதால் நகரத்து மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருகிறார்கள். அவர்களை இன்னொரு முறை வெளியே அனுப்பலாமே என்கிறீர்கள். நீங்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் எழுதிய வரிக்கு வேறு பொருள் இல்லை.

தில்லியின் குளிரை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் பல நாட்கள் வெயில் முகமே காட்டாது. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர், ஈரம் காயாத துணிகளுக்கு நடுவே, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடப்பார்கள். பிப்ரவரியில் பனி விலகி முதல் நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டின் கிழவி முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரும் ஒரு விரிப்பையும் ஆரஞ்சுப் பையையும் எடுத்துக்கொண்டு புல்வெளிக்கு வருவது கேளிக்கைக்காக மட்டும் அல்ல, உடம்பு கேட்கிறது. அந்தக் காதலர்களுக்கும் பேசுவதற்கு வேறு இடம் கிடையாது. சொந்த அறையும் பால்கனியும் உள்ள நாம், அவர்களுடைய ஒரே திறந்தவெளிக்குப் போய் நின்றுகொண்டு கூட்டம் என்று முகம் சுளிப்பது அழகில்லை. குப்பை போடுபவர்களைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். அதற்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை.

இளமையில் தில்லியின் நிஜாமுத்தீன் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் புத்தகம் பைண்டிங் செய்பவர், வயதானவர். ஒரு குளிர்காலக் காலையில் என்னையும் தன் பேரப்பிள்ளைகளையும் ஹூமாயூன் கல்லறைக்கு அழைத்துப் போனார். பிரமாதமான அந்தக் கட்டடத்தை நோக்கி நான் நடந்தபோது அவர் மதில் ஓரமாகத் திரும்பி, ஓரிடத்தில் விரிப்பை விரித்து உட்கார்ந்துவிட்டார். 1947இல் பாகிஸ்தான் போவதற்காகக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தத் தோட்டமும் புரானா கிலா என்ற பழைய கோட்டையும் பெரிய அகதி முகாம்கள். சிறுவனாக அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். மதிலுக்கும் ஒரு மரத்துக்கும் இடையே தாயார் புடவை போன்ற ஏதோ ஒரு துணியைக் கட்டி, அதன் கீழே அடுப்பு மூட்டியிருக்கிறார். ரயிலேறும் நேரம் வந்தபோது தாயார் மறுத்துவிட, குடும்பம் பழைய வீட்டுக்கே திரும்பியது. ‘இங்கே அன்று எத்தனை சத்தம் தெரியுமா, யாரும் தூங்கியதில்லை’ என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் காது கிழியக் கத்தி விளையாடினார்கள். அவர் ஒருமுறைகூட அவர்களை அதட்டவில்லை.

அந்தத் தோட்டத்தில் எப்போதும் யாராவது இருந்திருக்கிறார்கள். நான்காகவும், பிறகு முப்பத்தாறு கட்டங்களாகவும் பிரித்து 1570 வாக்கில் அமைத்த அதன் ஒழுங்கு, முகலாயர் செல்வம் வற்றியதும் குலைந்து, உள்ளே குடியேறியவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். 1857இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர் அங்கே வந்து ஒளிந்து பிடிபட்டார். பிறகு ஆங்கிலேயர் வட்டப் பாத்திகள் போட்டார்கள். பின்னர் அகதிகள் வந்தார்கள். இன்று நீங்கள் காணும் ஒழுங்கு 1997 முதல் 2003 வரை ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து மீட்டெடுத்தது. அங்குள்ள கல் வாய்க்கால்களை நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருக்கும்படி கையால் செதுக்கிய கல் வைத்துப் பதித்திருக்கிறார்கள். நீர் விட்டிருக்கும் நாளில் குனிந்து பார்த்தால் அது நிற்பதாகவே தோன்றும். ஒரு வேப்பஞ்சருகைப் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். சருகு முதலில் தயங்கும், பிறகு தன் போக்கில் கல் விளிம்பைத் தொட்டும் விலகியும் நகரும். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமே கூச்சலிட்டுக்கொண்டு கடந்து போனாலும் அதைப் பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

சத்தத்தில் களைத்துப்போன மனம் உங்களுடையது என்று கடிதம் சொல்கிறது. அந்தக் களைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாரநாள் காலையில் போங்கள், பாதிக் குறை தீரும். ஹூமாயூன் கல்லறையை ஒட்டியே சுந்தர் நர்சரி இருக்கிறது. புதுதில்லிக்கு மரம் வளர்த்துக் கொடுப்பதற்காக உண்டான நாற்றங்கால், தொண்ணூறு ஏக்கர், சீரமைத்து 2018இல் திறந்தார்கள். அங்கே கட்டணம் உண்டு, வார இறுதியில் கூட்டமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் நாள் 1754இல் கட்டிய சஃப்தர்ஜங் கல்லறைக்குப் போகலாம். மற்றவற்றைவிட ஆள் குறைவு. மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் சுல்தான் பல்பனின் கல்லறையும் ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும் இருக்கின்றன. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓய்வாக இருந்தால் லோதி தோட்டத்துக்கு மறுபடி போங்கள். அக்பர் காலத்து அட்புலா பாலத்தின் பக்கம் இடம் கிடைக்கும். காதில் கருவி எதையும் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கட்டணம் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து வேறு எங்கும் எழுதிவிடாதீர்கள். அதைக் கேட்டுச் செயல்படக் காத்திருப்பவர்கள் அந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.