டாக்டரைக் கேளுங்கள்: 180 வெள்ளி பவுடரும் பகல் தூக்கமும்

கேள்வி: என் வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட் பார்க்கிறார். மாதம் ஒரு தடவையாவது சளி, காய்ச்சல் என்று படுத்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஒரு பவுடர் விற்கிறார், டப்பா 180 வெள்ளி. வாங்கலாமா டாக்டர்?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம்மா. அந்தக் காசில் அவர் படுக்கிற அறைக்குக் கெட்டியான கறுப்புத் திரைச்சீலை வாங்கிப் போடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். இப்போது உங்கள் வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். காலையில் வேலை முடிந்து வரும் வழியில் மாமாக் கடையில் தே தாரிக், வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் போன், படுத்தால் மேல்மாடியில் டிரில் சத்தம், மதியம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்துவிடுவார்கள். இதில் எங்கே தூங்குவது? விடியற்காலைக்கு மேல் தே, காப்பி வேண்டாம். வந்ததும் குளித்து, லேசாகச் சாப்பிட்டு, போனை ஹாலில் வைத்துவிட்டு நேரே படுக்கைதான். பிள்ளைகளைக் கொஞ்சம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் இங்குள்ள நம் இந்தியர்களில், பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது, அதில் பலருக்கு இருப்பதே தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், எந்தப் பவுடரும் அதைச் சரிசெய்யாது. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று சளி வருவது சாதாரணம்தான், மாதாமாதம் என்றால் காரணம் தேட வேண்டும். சிகரெட் பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் சளிதானே என்று விட்டுவிடாமல் டிங்கிக்கு ரத்தம் பாருங்கள்.

கேள்வி: தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். சளி வராதுதானே?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வரும். தினமும் எடுப்பவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவுதான். உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் சிறுநீரில் போய்விடும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த அளவைத் தொடவே கூடாது. பசாரில் கொய்யா கிடைக்கிறதே, எடைக்கு எடை ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. அசாம்போய்ப் பொடி தூவாமல் சாப்பிட முடிந்தால் இன்னும் நல்லது (முடியாது என்று எனக்கும் தெரியும்).

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. தினமும் தண்ணீர்மலைப் பூங்காவில் நடக்கிறார், நல்ல திடம். அவருக்கு ஃப்ளூ ஊசி தேவையா?
- வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: தேவை. நடை உடம்புக்கு நல்லது, ஆனால் இந்தக் கிருமி இப்படித்தான் இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது ஊசி மட்டுமே. வயதாக ஆக எதிர்ப்புச் சக்தி தானாகவே தளரும், திடமாக இருப்பவருக்கும்தான். ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும், போட்ட பிறகு பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். நிமோனியா ஊசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கை ஒரு நாள் வலிக்கும், மறுநாள் நடைக்குப் போகலாம்.