ஒரே செடி, இரண்டு பெயர்: கேள்வி-பதில்

கே: என்னிடம் சான்செவேரியா டிரைஃபேசியாட்டா என்ற ஸ்நேக் பிளான்ட் இருக்கிறது. ‘அரிய வகை’ என்று போட்டிருந்ததால் டிரசீனா டிரைஃபேசியாட்டாவைக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் அதே செடி!

ப: உங்கள் மேல் தவறில்லை, விற்றவர் ஏமாற்றியிருக்கிறார். சான்செவேரியா என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள செடிவகைகளின் தொகுதிக்கு, 1794-இல் பெயர் வைத்தவர் துன்பெர்க் என்ற தாவரவியலாளர். அந்தச் செடிகள் டிரசீனாவுக்குள்ளேயே ஒரு கிளை என்பது பிற்பாடு மரபணு ஆய்வில் தெரிந்தது. டிரசீனா 1767-லேயே வந்துவிட்ட பெயர். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. அதனால் 2017-இல் நம் ஸ்நேக் பிளான்ட் டிரசீனா டிரைஃபேசியாட்டா ஆனது. இலையில் ஒரு வரிகூட மாறவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அறிஞர்கள் உறவுமுறையைச் சரிசெய்ய மாற்றிய பெயரை வைத்து, ஒரே செடியை இரண்டு முறை விற்கிறார்கள். சான்செவேரியா சிலிண்ட்ரிகா என்று விற்ற உருளை இலைச் செடி இப்போது டிரசீனா அங்கோலென்சிஸ். பெயரின் இரண்டாம் பாதியும் மாறிவிட்டதால் வாங்குபவருக்குப் பிடிபடுவதே இல்லை. யாராவது ‘அரிது’ என்றால், பழைய பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். நீங்கள் அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: மஞ்சள் ஓரமுள்ள இலைத்துண்டு வாங்கி நட்டேன். முளைத்த கன்று முழுப் பச்சை. வேறு செடியைத் தந்துவிட்டார்களா?

ப: செடி அதேதான். ஆனால் ‘மஞ்சள் ஓரம் வரும்’ என்று சொல்லி விற்றிருந்தால் அது மோசடி. அந்த ஓரமும் நடுப்பகுதியும் வெவ்வேறு மரபுடைய திசுக்கள். ஒரே இலையில் ஒட்டி வளர்கின்றன. வெட்டிய இலையிலிருந்து வரும் கன்றில் அந்தச் சேர்க்கை தங்காது. நானும் நான்கு துண்டுகள் வாங்கி, மாதக்கணக்கில் காத்திருந்தேன். மண்ணைப் பிளந்து வந்த முதல் குருத்தில் மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. அன்று மனசே விட்டுப்போனது. வேரோடு பிரித்த பக்கக்கன்றாகவே வாங்குங்கள்.

கே: நீல நுனி உள்ள வகை கிடைக்குமா?

ப: அது பெயின்ட். வாங்காதீர்கள்.

கே: தினமும் தண்ணீர் ஊற்றியும் அடி அழுகிவிட்டது. மாற்றுச் செடி கேட்கலாமா?

ப: தினமும் ஊற்றியதால்தான் அழுகியது. தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி இது. கூடவே வந்த அட்டையில் ‘மண் காய்ந்தபின் ஊற்றவும்’ என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கடைக்காரரை எப்படிக் கேட்பது? அழுகாத இலை ஒன்று இருந்தால் வெட்டி, காயம் உலர்ந்தபின் நடுங்கள்.