ஜீப்பின் உயர்ந்த பானட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய வாகனங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். சென்ற மாதம் 1968-இல் பதிவான மகிந்திரா சி.ஜே.3பி ஜீப் ஒன்றை வாங்கினேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி இறங்கிய வண்டி. பெட்ரோல் எஞ்சினை எப்போதோ கழற்றிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள், ஆர்.சி. புத்தகத்திலும் அது ஏறியிருக்கிறது. பாடியில் ஆங்காங்கே துரு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறது.

நண்பர்களும் பட்டறைக்காரரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள். ஹை பானட்டை வெட்டி லோ பானட் ஆக்கி, ராணுவப் பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் வரைந்து, அகலமான டயர் மாட்டினால் இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ஜீப்பான அசல் வில்லிஸ் போலாகிவிடும், விலையும் ஏறும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டிலோ, இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டிக்கு இவ்வளவு செலவா என்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச., போடிநாயக்கனூர்

அன்புள்ள ச.,

பானட்டை வெட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற விஷயங்களில் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு, இதில் இல்லை.

அந்த பானட் உயர்ந்திருப்பதற்கு எஞ்சின்தான் காரணம். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்ற பெயரிலும் ஃபோர்டு நிறுவனம் ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஏறத்தாழ ஒரே ஜீப்பைத் தயாரித்தன. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்தைத் தாண்டும். அவற்றிலிருந்த 2.2 லிட்டர் எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும் வால்வுகளும் புகையை வெளியேற்றும் வால்வுகளும் சிலிண்டர் பிளாக்கிலேயே பக்கவாட்டில் அமைந்திருந்ததால், மேலேயுள்ள ஹெட் வெறும் தட்டையான மூடியாக இருந்தது. 60 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சினை வலுவாக்க விரும்பிய வில்லிஸ் பொறியாளர்கள், பிளாக்கின் கொள்ளளவை மாற்றாமல், உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். அதுவே ஹரிக்கேன் எஞ்சின். திறன் எழுபதைத் தாண்டியது. எஞ்சினின் உயரமும் கூடியது. 1953-இல் அதைப் பொருத்தி வந்த சி.ஜே.3பி மாதிரியில், எஞ்சினுக்கு இடம் தருவதற்காக பானட்டை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் அந்த மாதிரி 1968-உடன் நின்றுபோனது. 1940-களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திரா, இந்த உயர்ந்த முகத்தை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாவில் வாழவைத்தது. வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் தேர்தல் பிரசாரத்திலும் உங்கள் ஊர் மலைப்பாதையிலும் நம் மக்கள் ஜீப் என்று அறிந்தது இந்த முகத்தைத்தான். போர்க்களம் கண்ட எம்.பி.யை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பேணிக் காக்கிறார்கள். போடிமெட்டு ஏறிய சி.ஜே.3பி-யை நாம் காக்காவிட்டால் வேறு யாரும் காக்கப்போவதில்லை.

வெட்டினாலும் அது எம்.பி. ஆகிவிடாது. எம்.பி.யின் கிரில்லில் ஒன்பது திறப்புகள், உங்களுடையதில் ஏழு. அதன் முன்கண்ணாடி இரண்டு பலகைகளாக இருக்கும், உங்களுடையது ஒரே பலகை. எம்.பி.க்குப் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்புறம் தொங்கும், பெட்ரோல் ஊற்றுவதற்கு ஓட்டுநர் இருக்கையின் மெத்தையைத் தூக்க வேண்டும். விவரம் தெரிந்தவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாலே புரிந்துகொள்வார். விலை ஏறும் என்று சொல்பவர்கள் விவரம் தெரியாத ஒருவரிடம் விற்பதை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடிப்போகும் நோக்கம் உங்களுக்கு இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

சட்டமும் உங்கள் மனத்தின் பக்கமே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியை 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும் என்பதால், தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓட்ட விரும்பினால் இப்போதிருக்கும் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள். பச்சை நிறம் இன்னும் நேரடியான சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. அமெரிக்கப் படையின் வெள்ளை நட்சத்திரத்துக்கும் 1968-இல் பதிவான மகிந்திரா வண்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் வண்டியின் உண்மையான நிறத்தை வண்டியிடமே கேட்கலாம். டேஷ்போர்டின் உட்புறம் அல்லது இருக்கைக்கு அடியில், வெயிலும் மழையும் படாத இடத்தில், நயமான வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும்வரை தேய்த்தால், அதைச் சுற்றி ஒவ்வொரு காலத்திலும் அடித்த பெயிண்ட் வளையம் வளையமாக விரியும். இரும்பை ஒட்டி வருவது பிரைமர். அதற்கு அடுத்த வளையம் பெரும்பாலும் தொழிற்சாலை நிறமாகவே இருக்கும். அதைக் கலர் மிக்ஸிங் செய்யும் கடையில் காட்டிக் கலந்து வாங்கலாம். ஆனால் பெயிண்ட் கடைசி வேலை. பலரும் முதலில் பளபளப்பாக்கிவிட்டுப் பணம் தீர்ந்து, பிரேக் பிடிக்காத அழகான வண்டியைக் கொட்டகையில் மூடிவைக்கிறார்கள்.

முதலில் பார்க்கவேண்டியது ஸ்டியரிங். இந்த உதறலுக்கு, அதிர்வை அடக்கும் டேம்பர் மாட்டச் சொல்வார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) பேரிங். என் கணிப்பு இரண்டாவதுதான். கிங் பின் மூடிகளுக்கு அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடுகள் அடுக்கியிருக்கும். பேரிங் தேயத் தேய அந்த இறுக்கம் தளர்ந்து, ஒரு குழியில் விழுந்தெழுந்தவுடன் சக்கரங்கள் படபடக்கத் தொடங்கும். பேரிங்கை மாற்றி, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடையும் ஆயில் சீலையும் கழற்றிவைத்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மில் சுருள்வில் தராசைக் கொக்கிபோட்டு இழுத்து, கையேட்டில் சொல்லியிருக்கும் இறுக்கம் வரும்வரை ஷிம்களைச் சேர்த்தோ எடுத்தோ பார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. அவசரப்படும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். அப்போதே டை ராடு முனைகளையும் ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க்கையும் பார்த்துவிடுங்கள். அகலமான டயர் இந்த உதறலைக் கூட்டத்தான் செய்யும்.

பாடியில், கண்ணுக்குத் தெரியும் துருவைவிடப் பட்டி போட்டு மூடிய துருவே ஆபத்தானது. சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பற்றாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளத்தையும், தரைத் தகட்டுக்குக் கீழே ஓடும் தாங்கு பட்டைகளையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அங்கேதான். முழு பாடியையும் மாற்றச் சொல்வார்கள். அழுகிய பகுதியை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த டிங்கர் கிடைத்தால், அவருக்குக் கூலி கூடுதலாகக் கொடுத்தாவது பழைய பாடியைக் காப்பாற்றுங்கள்.

வீட்டில் சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் கையில் இருப்பதை மட்டும் செலவழித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை என்று செய்வதே இந்தப் பொழுதுபோக்குக்கு நல்லது.

எஞ்சினைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; ஆனால் அதுதான் பெரிய முடிவு. இப்போதைக்கு டீசலே ஓடட்டும். அதன் கூடுதல் எடையும் அதிர்வும் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் அருகே சேஸிஸில் விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள். இதற்கிடையில் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் ஹரிக்கேன் எஞ்சினைத் தேடிக்கொண்டிருக்கலாம். கிடைத்தால், ஹெட்டைக் கழற்றாமல் வாங்காதீர்கள். பிளாக்கில் புகைபோகும் வால்வுகளின் இருக்கையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுவது அந்த எஞ்சினின் பழைய குறை. விற்பவரிடம் எஞ்சின் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசீதோடு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஞ்சின் மாற்றத்துக்கும் எரிபொருள் மாற்றத்துக்கும் எழுத்துவழி அனுமதி பெற்ற பிறகே டீசலை இறக்குங்கள்.

அன்புடன்