ஆம்பாய்க்கு நகர எல்லை ஏன் கிடைக்கவில்லை?

கலிபோர்னியாவின் ஆம்பாய் ஊருக்கு எல்லையும் மக்கள்தொகையும் பட்டியலில் இல்லையே, அதன் நகராட்சியைக் கலைத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஆம்பாய் கலைக்கப்படவில்லை. அது ஒருநாளும் நகராட்சியாக இருந்ததே இல்லை. அதனால்தான் கலிபோர்னியா நகரப் பட்டியலில் நீங்கள் தேடிய எல்லையும் மக்கள்தொகையும் கிடைக்கவில்லை. மேயரும் கிடையாது, நகர்மன்றமும் கிடையாது. சான் பெர்னார்டினோ கவுண்டியே (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நேரடியாக நிர்வகிக்கிறது.

வரைபடத்தில் பெயரைப் பார்த்ததும் நகரம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பெயரே ரயில்வே வைத்தது. 1883இல் மொஹாவி பாலைவனத்தில் பாதை போட்டபோது நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் சூட்டினார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று கிழக்கே நீளும். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது! அப்புறம் 66ஆம் எண் நெடுஞ்சாலை வந்தது. 1938இல் ராய்ஸ் பெட்ரோல் நிலையம் திறந்தது. 1973இல் வடக்கே ஐ-40 என்ற அதிவேக நெடுஞ்சாலை திறந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, ஊரும் வெறிச்சோடியது. நீங்கள் கேட்ட ‘கலைப்பு’ உண்மையில் இந்தச் சரிவுதான்.

கவுண்டியின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நகராட்சியான ட்வென்டினைன் பாம்ஸைச் சுற்றி நகர எல்லைக் கோடு இருக்கும். ஆம்பாயைச் சுற்றி இருக்காது.

ஒன்றில் மட்டும் கவனம். இல்லினாய், மினசோட்டா மாநிலங்களிலும் ஆம்பாய் உண்டு, அவை முறையான நகரங்கள். வாஷிங்டன் மாநில ஆம்பாயோ நகராட்சி இல்லை, ஆனாலும் கணக்கெடுப்புக்கென்று தனி எல்லை வகுத்து அங்கே ஆள் எண்ணுகிறார்கள். ஏதாவது எண்ணிக்கை கிடைத்தால் முதலில் மாநிலத்தைப் பாருங்கள்.