ஆஸ்பென் மரத்தடியில் பால் வடியும் வெள்ளைக் காளான்: பலர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் டென்வருக்கு மேற்கே மலையில், ஆகஸ்ட் மழைக்குப் பிறகு ஆஸ்பென் தோப்பில் ஒரு பெரிய வெள்ளைக் காளான் பார்த்தேன். மேலெல்லாம் மண். கீறினால் பால் வருகிறது. என்ன இது?

பதில்: லாக்டேரியஸ் கான்ட்ரோவர்சஸ் ஆக இருக்கலாம். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் நாலைந்து வெள்ளைக் காளான்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிப் பாருங்கள். குடைக்கு அடியில் நெருக்கமாக இருக்கும் மடிப்புகள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பளிச்சென்று இருக்காது, மங்கலான சாயல்தான், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் சட்டென்று தெரியும். மண் இருப்பது இயல்புதான், பாதி விரிந்த பிறகே தரையை முட்டிக்கொண்டு வரும். மண்ணைத் துடைத்தால் குடையில் சிவப்பும் ஊதாவும் கலந்த கறைகள் இருக்கும். பால் வெள்ளையாக வந்து வெள்ளையாகவே இருக்கும், நிறம் மாறாது. குடை 30 செ.மீ. வரை கூட வளரும்.

கேள்வி: நான் பார்த்தது புல்வெளியில், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி. பக்கத்தில் ஸ்ப்ரூஸ் மரங்களும் உண்டு. அப்போது எந்த மரத்தோடு சேர்ப்பது?

பதில்: தள்ளி இருப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஆஸ்பென் வேர் நிலத்துக்கடியில் வெகுதூரம் ஓடி அங்கங்கே புதுக் கன்று விடும். யூட்டாவில் பாண்டோ என்ற ஆஸ்பென் கூட்டம் சுமார் 43 ஹெக்டேருக்குப் பரவியிருக்கிறது, அத்தனையும் ஒரே மரத்தின் கிளைப்புதான். இந்தக் காளான் ஆஸ்பென், பாப்லர், வில்லோ வேர்களோடு கூட்டு வைத்து வாழ்வது. ஸ்ப்ரூஸ் கலந்த காட்டில்தான் குழப்பம், அங்கே ருசுலா பிரெவிபெஸ் என்ற வெள்ளைக் காளானும் இதேபோல மண்ணைச் சுமந்துகொண்டு வரும். அதில் பால் வராது, மடிப்பும் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள்.

கேள்வி: என்னுடையதில் பால் இல்லை. முற்றியதால் காய்ந்திருக்குமோ?

பதில்: காய்ந்திருக்கலாம். ஆனால் பால் இல்லையென்றால் அந்தக் காளானை "பெயர் தெரியாதது" என்றுதான் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் பொருந்துகிறதே என்று நாமே பெயர் வைக்கக் கூடாது. அமானிட்டா என்ற காளான் இனத்தின் வெள்ளை வகைகளில் ஆளைக் கொல்பவை உண்டு. தண்டை வெட்டாமல் அடியோடு தோண்டி எடுங்கள், கீழே பை போன்ற உறை இருந்தால் அமானிட்டா என்று சந்தேகப்பட்டு அதோடு விட்டுவிடுங்கள். தண்டை ஒடித்தும் பார்க்கலாம். லாக்டேரியஸ் சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடையும், அமானிட்டா நார்நாராகப் பிரியும்.

கேள்வி: நாக்கில் வைத்து ருசி பார்க்கலாமா?

பதில்: பால் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும். துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்து, துப்பி, வாயைக் கொப்பளியுங்கள். கான்ட்ரோவர்சஸ் நன்றாகவே காரமாக இருக்கும். குழந்தைகள் முன்னால் இதைச் செய்ய வேண்டாம், அவர்கள் பார்த்துப் பழகிவிடுவார்கள்.

கேள்வி: கூட வேலை பார்க்கும் ரஷ்யர் இதை உப்பில் போட்டுச் சாப்பிடுவோம் என்கிறார். உண்மையா சார்?

பதில்: உண்மைதான். அங்கே பல முறை தண்ணீர் மாற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து காரத்தைப் போக்கி, அப்புறம் உப்பில் வாரக்கணக்கில் வைப்பார்கள். துருக்கியிலும் செர்பியாவிலும் சாப்பிடுகிறார்கள். பச்சையாகவோ அரைகுறையாகவோ தின்றால் வயிறு கெடும். அவர் கூடவே காட்டுக்கு வந்து, அவரே பறித்து, அவரே பக்குவம் செய்தால் யோசிக்கலாம். நீங்களாக இறங்காதீர்கள்.

கேள்வி: நம்ம ஊர்க் கடையில் விற்கும் பால் காளான் இதுதானா?

பதில்: இல்லை. அது கலோசைபே இண்டிகா, வைக்கோலில் வளர்ப்பது, கீறினாலும் பால் வராது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் பிர்ச் மரத்தடியில் வெளிர்சிவப்பாக ஒன்று, குடை ஓரம் முழுக்க ரோமம். பால் வருகிறது.

பதில்: பிர்ச், ரோம ஓரம், பால், மூன்றும் சேர்ந்தால் லாக்டேரியஸ் பியூபெசென்ஸ் பக்கம்தான் போகும். கான்ட்ரோவர்சஸிலும் இளசில் ஓரம் உள்பக்கம் சுருண்டு லேசாகப் பஞ்சு போல இருக்கும், ஆனால் தாடி மாதிரித் தொங்காது. சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள். அடிப்பக்கப் படமும் ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்த படமும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.